என் தம்பி பாஸ் ஆன கதை

அந்த ஃபேனுக்குக் கீழே உட்காராதீங்கக்கா. அது கடகடன்னு சத்தம் போடும், பாப்பாவுக்கு ஆகாது. பாருங்க, இப்பவே காதைப் பொத்துது. இப்படி என் பக்கத்தில் வாங்க. பையைக் கீழே வைக்கலாம், யாரும் எடுக்க மாட்டாங்க. இங்கே வர்றவங்களுக்கு அவங்கவங்க பிள்ளையைப் பிடிக்கவே கை பத்தாது.

முதல் தடவையா? பார்த்தாலே தெரியுது. புதுக் கவுன், தலை நிறையப் பூ, கன்னத்தில் மை. பொண்ணு பார்க்க வர்றவங்க முன்னாடி நிறுத்துற மாதிரி கொண்டு வந்திருக்கீங்க. கோவிச்சுக்காதீங்க, நான் மனசில் பட்டதைச் சொல்லிடுவேன். அந்தக் கவுன் கழுத்தில் குத்துதுபோல, அது பிச்சுக்கிட்டே இருக்கு. பையில் பழைய துணி இருந்தா மாத்தி விடுங்க. இப்படிப் பேசிப் பேசித்தான் எனக்கு ஸ்கூலும் ஆகலை, சொந்தக்காரங்களும் ஆகலை.

நானா? என் தம்பி உள்ளே இருக்கான். அப்பா அம்மாவும் உள்ளேதான். நான் சும்மா காத்து வாங்க வெளியே வந்தேன்.

பயப்படாதீங்க. ஊசி கிடையாது. ஆட்டிசமா இல்லையான்னு ரத்தத்தில் பார்த்துச் சொல்ற டெஸ்ட்டெல்லாம் இல்லையாம். முதல்ல காது நல்லாக் கேட்குதான்னு பார்ப்பாங்க. அப்புறம் உங்ககிட்டப் பேசுவாங்க. அப்படிப் பேசுவாங்க. மாசமா இருக்கும்போது காய்ச்சல் வந்துதா, எப்போ தவழ்ந்தது, எப்போ விரலை நீட்டி அதைக் குடு இதைக் குடுன்னு கேட்டது, கூப்பிட்டாத் திரும்புமா, மத்த பிள்ளைங்களோட சேருமா. பொறந்ததும் அழுதானான்னு கேட்டதுக்கு எங்கம்மா, "அவன் அழுதது ஞாபகமில்லீங்க, நான் அழுதேன்"னாங்க. அதையும் எழுதிக்கிட்டாங்க.

அப்புறம் பாய் விரிச்சுப் பாப்பாவோட விளையாடுவாங்க. சோப்பு நுரை ஊதுவாங்க, பந்து உருட்டுவாங்க, பொம்மைக்குச் சோறு ஊட்டச் சொல்வாங்க. வெளியே இருந்து பார்த்தா விளையாட்டு. உள்ளே பூரா நோட்டம். ஒரே நாளில் முடியாது. பேச்சுக்கு ஒருத்தர் பார்ப்பாங்க, கை கால் பழக்கத்துக்கு ஒருத்தர், குழந்தை டாக்டர் ஒருத்தர். எல்லாரும் பார்த்துப் பேசி வெச்சுத்தான் சொல்வாங்க.

இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும்னு பார்க்கிறீங்களா? என் தம்பி இங்கே ஏற்கெனவே ஒரு தடவை பாஸ் ஆனவன்.

ஆமாங்கக்கா, பாஸ். அதுதான் இப்போ வினை. இன்னைக்காவது அவனைச் சரியாப் பார்த்துச் சொன்னாத்தான் இப்போ போற ஸ்கூலில் இருந்து எடுத்து இங்கே பயிற்சிக்குச் சேர்க்க வீட்டில் விடுவாங்க. இன்னைக்கும் பாஸ் ஆகிட்டான்னா, மறுபடி அங்கேதான் போகணும். அங்கே போறதுக்கு அவன் அப்பா வேலை பார்க்கிற பட்டறையில் லாரிக்கு அடியிலேயே இருக்கலாம்.

முதல்ல இருந்து சொல்றேன். உங்க நம்பர் வர நேரமாகும்.

எங்க ஊரில் மூணே தொழில்தான். லாரிக்குப் பாடி கட்டுறது, முட்டை, ஹாஸ்டல் பள்ளிக்கூடம். பண்ணையில் ராத்திரி லைட்டைப் போட்டு வைப்பாங்க, கோழி தூங்காமல் தீனி எடுக்கட்டும்னு. ஹாஸ்டலிலும் அதே லைட்டுதான். எங்கப்பா லாரிப் பட்டறையில் வெல்டிங் அடிக்கிறார். குணசீலன் மாமா, எங்கம்மாவோட தம்பி, ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார். நான் அதே ஸ்கூலில் பிளஸ் டூ படிச்சேன். படிச்சேன்னு சொல்லக் கூடாது, இருந்தேன். ஒரு நாள் சுவரேறிக் குதிச்சு வீட்டுக்கு வந்துட்டேன். திரும்பப் போகலை. மாமாவுக்கு அதில் இருந்து என்னைக் கண்டா ஆகாது. அவர் வாத்தியாரா இருக்கும்போது அவர் அக்கா மகளே சுவரேறினா ஸ்டாஃப் ரூமில் தலை காட்ட முடியலையாம்.

தம்பி பேர் தர்ஷித். எனக்கு அப்புறம் ரொம்ப வருஷம் கழிச்சுப் பொறந்தவன். அம்மா ஏறாத மலை இல்லை, சுத்தாத மரம் இல்லை. அப்படிப் பொறந்தவனுக்கு மூணு வயசு தாண்டியும் பேச்சு சரியா வரலை. கூப்பிட்டாத் திரும்ப மாட்டான். பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனா லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்துச் சக்கரத்தையே பார்த்துட்டிருப்பான். அப்பா அதையும் பெருமையாத்தான் சொல்வார். "என்ற மகனுக்குத் தொழில் ரத்தத்திலயே இருக்குது பாரு."

பால்வாடி டீச்சர்தான் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாங்க. "வசந்தாமணி, நான் சொல்றனேன்னு வெசனப்படாதீங்க. பெரியாஸ்பத்திரியில ஒருக்கா அசெஸ்மென்ட் பண்ணிருங்க. சீக்கிரம் பார்த்தா நல்லதுங்க."

அம்மா அழுதுட்டே வந்தாங்க. மாமாவுக்குப் போன் போச்சு. மாமா பைக்கில் வந்து இறங்கினார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுங்களா?

"அசெஸ்மென்ட்னா, அதுக்கு சிலபஸ் என்ன?"

சத்தியமா இதான் கேட்டார்.

"அதெல்லாம் இருக்காதுடா," ன்னாங்க அம்மா.

"சிலபஸ் இல்லாம எப்புடிக்கா டெஸ்ட் வைப்பாங்க? இருக்கும். நீ அழுவாத. எனக்கு ஒரு மாசம் டைம் குடு. பார்டர்ல நிக்கறவனையே நான் சென்டம் எடுக்க வெச்சிருக்கறேன். இவன் நம்ம பையன்."

அவரோட வேலை பார்க்கிற ஃபிசிக்ஸ் சார் வீட்டில் ஒரு பையனை ஏற்கெனவே இங்கே பார்த்திருக்காங்க. மாமா அங்கே போய், என்ன கேட்டாங்க, எதைக் காட்டினாங்கன்னு பூரா விசாரிச்சுட்டு வந்து எங்க கூடத்தில் நின்னு பாடம் எடுத்தார். "கண்ணைப் பார்க்கறது. இது கண்டிப்பா வரும். பேரைச் சொன்னாத் திரும்பறது, இதுவும் கண்டிப்பா வரும். பொம்மைக்குச் சோறு ஊட்டறது, அடிக்கடி வந்த கேள்வி. எதையும் சாய்ஸ்ல உட முடியாது."

அம்மா மறுநாளில் இருந்து வல்லாரைக் கீரையை அரைக்க ஆரம்பிச்சாங்க. தர்ஷித் பாஸ் ஆனா மொட்டை போடறதா மலைக்கு ஒரு வேண்டுதல் வேற.

முதல் நாள் மாமாவே பாடம் எடுத்தார். விடியக்காலையில் எழுப்பி, பல்லு விளக்கி விட்டு, எதிரில் உட்கார வெச்சு அவன் தாடையைப் பிடிச்சார். "மாமாவைப் பாரு. கண்ணைப் பாரு. பாருடா." அவன் கண்ணைப் பார்க்கலை, விரலைக் கடிச்சான். மாமா கையை உதறிக்கிட்டு, "ஸ்லோ லேர்னர்," ன்னார். அப்புறம் என்னைப் பார்த்தார். "நீ சும்மாதானே கெடக்கற. நீ பாரு."

நான் சும்மா கிடக்கலை, வீட்டில் பாதி வேலை நான்தான் செய்றேன். அது இருக்கட்டும். அவர் பிளஸ் டூ பிள்ளைங்களை மிரட்டி மனப்பாடம் பண்ண வைக்கிறவர். தர்ஷித் மிரட்டினா மிரள மாட்டான். அவனுக்கு நீங்க கோபமா இருக்கீங்கன்னே தெரியாது.

நான் ரெண்டு நாள் அவனைச் சும்மா பார்த்தேன். லாரிக்குப் பின்னாடி ஒட்டுற ரேடியம் ஸ்டிக்கர் இருக்குல்ல, வெளிச்சம் பட்டா மின்னுமே, அது எங்கே இருந்தாலும் அவன் கண்ணு அங்கே போகும். அப்பாகிட்ட ஒரு துண்டு வாங்கி வட்டமா வெட்டி என் நெத்தியில் ஒட்டினேன். பார்த்தான்கக்கா. கண்ணெடுக்காமல் பார்த்தான். எதிரில் நிக்கறவங்களுக்கு அவன் கண்ணுக்குள்ள பார்க்கிற மாதிரியே இருக்கும். மாமா பார்த்துட்டு, "இதைத்தான் நான் ஷார்ட்கட்னு சொல்றது," ன்னார். ஒட்டினது நான், பேர் அவருக்கு.

பேர் சொன்னாத் திரும்பறதுக்கும் வழி கண்டுபிடிச்சேன். பட்டறையில் காத்து மெஷினை நிறுத்தினா "ஸ்ஸ்"னு ஒரு சத்தம் வரும். அதுக்கு அவன் எங்கே இருந்தாலும் திரும்புவான். "தர்ஷித்"னு கூப்பிட்டு, நாக்கு நுனியில் மெதுவா "ஸ்ஸ்". டக்குனு திரும்புவான். பொம்மைக்குச் சோறு ஊட்டறது திரும்பத் திரும்பச் செஞ்சதில் வந்துடுச்சு. பேச்சுதான் வரலை. "உன் பேர் என்ன?"ன்னு கேட்டா, "உன் பேர் என்ன"ன்னு நம்மளையே கேட்பான். அதனால மாமா ஒரு முடிவு பண்ணினார். "எந்தக் கேள்வி கேட்டாலும் பேரைச் சொல்லட்டும். ஒரு கேள்விக்காவது சரியா இருக்கும்ல." அதையும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். யார் எதைக் கேட்டாலும் "தர்ஷித்". பால் வேணுமா, "தர்ஷித்". தூக்கம் வருதா, "தர்ஷித்".

வீட்டிலேயே மாடல் எக்ஸாம் நடந்தது. அப்பாதான் டாக்டர். வெல்டிங் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, சட்டையை உள்ளே விட்டுக்கிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தம்பி, உங்க பேரு என்னங்க?"

"என்ன மச்சான், டாக்டர் போய் குழந்தைய 'ங்க' போட்டுக் கேட்பாங்களா?"

"கவர்மெண்டு டாக்டரு மரியாதையாத்தான்டா கேட்பாங்க."

"ஒரு டாக்டர் மாதிரி முகத்தைக் கொஞ்சம் கடுகடுன்னு வெய்யுங்க."

"என்ற மகனைப் பார்த்து எனக்கு எப்புட்றா கடுகடுன்னு வரும்?"

அப்பாவுக்கு நடிக்க வராது. அதை ஞாபகம் வெச்சுக்குங்க, இனிமேல் சொல்றது புரியும்.

பரீட்சை நாளும் வந்தது. அதாங்க, அசெஸ்மென்ட். உள்ளே பார்க்கிறவங்க பேர் மங்கையர்க்கரசி, நாங்க டாக்டரம்மான்னு கூப்பிடுவோம். கத்திப் பேச மாட்டாங்க. ஒரே ஒரு சிக்கல், அவங்க நெத்தியில் சின்னதா கறுப்புப் பொட்டு. அது மின்னாது. அது எங்களுக்கு முன்னாடியே தெரியும், மாமா ஒரு நாள் வந்து ஜன்னல் வழியாப் பார்த்துட்டுப் போயிருந்தார். அதனால அம்மா கோயில் குங்குமத்தோட கல் வெச்ச பொட்டு அட்டை ஒண்ணையும் தட்டில் வெச்சுக் கொண்டு வந்தாங்க.

"மலைக்கோயில் பொட்டுங்க டாக்டரம்மா. தட்டக் கூடாதுங்க. இப்பவே வெச்சுக்கோணுங்க."

அவங்க ஒரு நிமிஷம் அம்மாவைப் பார்த்தாங்க. அப்புறம் சிரிச்சுட்டு, இருந்ததை எடுத்துட்டு அதை வெச்சுக்கிட்டாங்க. தர்ஷித் பார்த்தான் பாருங்க. அவங்க இந்தப் பக்கம் சாய்ஞ்சா இவனும் சாயறான், குனிஞ்சா இவனும் குனியறான். அவங்க இவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க, நான் பின்னாடி இருந்து "ஸ்ஸ்". திரும்பிட்டான். பொம்மையைக் குடுத்தாங்க, சோறு ஊட்டினான். விளையாட்டுப் போனைக் குடுத்தாங்க, அதுக்கும் சோறு ஊட்டினான். போன் எங்க சிலபஸில் இல்லை.

"காலையில் என்ன சாப்பிட்டீங்க?"

"தர்ஷித்."

"இங்கே எதில் வந்தீங்க? பஸ்ஸா, வண்டியா?"

"தர்ஷித்."

அப்பாகிட்டக் கேள்வி போச்சு. மாமா எல்லாத்தையும் கொஞ்சம் முன்னாடி தள்ளிச் சொல்லச் சொல்லியிருந்தார். எப்போ நடந்தான்னு கேட்டதும் அப்பா மேலே பார்த்து, தொண்டையைக் கனைச்சு, "அஞ்சாம் மாசங்க," ன்னார்.

"அஞ்சாம் மாசமேவா?"

அம்மா குறுக்கே விழுந்தாங்க. "தவழ்ந்ததைச் சொல்றாருங்க. அவருக்குத் தவழறதும் நடக்கறதும் ஒண்ணுதானுங்க." அப்பாவுக்கு வியர்த்து ஊத்துது. வெல்டிங் தீயில்கூட அவருக்கு அப்படி ஊத்தி நான் பார்த்ததில்லை.

கடைசியில் டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னா, "இன்னைக்குப் பார்த்ததை வெச்சு உறுதியாச் சொல்ல முடியலைங்க. பிள்ளை பழக்கி வெச்ச மாதிரி செய்யறான். பேச்சுப் பயிற்சியை இப்பவே ஆரம்பிச்சுக்கலாம், அதுக்கு இது முடியக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் அவன்பாட்டுக்கு இருக்கும்போது செல்லில் எடுத்துட்டு வாங்க. மூணு மாசத்தில் மறுபடி பார்ப்போம்."

அவங்க சொன்னது இவ்வளவு. மாமா காதில் விழுந்தது முதல் வரி மட்டும். "உறுதியாச் சொல்ல முடியலையாம். அவங்களாலயே கண்டுபிடிக்க முடியல பார்த்தியா? பாஸ்." வாசலிலேயே நின்னு ஃபிசிக்ஸ் சாருக்குப் போன் போட்டார். தெரு பூராவும் லட்டு குடுத்தாங்க. ஏன் லட்டுன்னு கேட்டவங்களுக்கு அம்மா, "தர்ஷித்துக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க," ன்னாங்க. அதுவரைக்கும் அவனுக்கு ஏதோ இருக்குன்னே தெரியாதவங்களுக்கும் அன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு.

மலையில் மொட்டை போட்டாங்க. கத்தி தலையில் பட்டதும் அவன் கத்தின கத்தல் அடிவாரத்துக்குக் கேட்டிருக்கும். அப்பாவும் மாமாவும் கை ஒருத்தர் கால் ஒருத்தர் பிடிச்சுக்கிட்டாங்க. "பாஸ் ஆன பையன் இப்புடி அழுவலாமா?"ன்னு மாமா கேட்டார். அவன் அழுதுக்கிட்டே, "தர்ஷித்," ன்னான்.

பேச்சுப் பயிற்சிக்கா? பாஸ் ஆனவனுக்கு எதுக்குப் பயிற்சின்னு யாருமே கூட்டிட்டுப் போகலை. மாமா அவரோட ஸ்கூலிலேயே எல்.கே.ஜி.யில் சேர்த்துட்டார்.

இங்கேதான்கக்கா கவனிக்கணும். பாஸ் ஆகறதுக்கு முன்னாடி அவன் மண்ணில் உருண்டா, "பாவம், பிள்ளைக்கு என்னமோ," ன்னு சொல்வாங்க. பாஸ் ஆனதுக்கு அப்புறம் அதையே செஞ்சா, "திமிரு," ன்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரியிலேயே ஒண்ணுமில்லைன்னு சொன்ன பையன் கூப்பிட்டாத் திரும்பலைன்னா அது திமிருதானே? அந்த மிஸ்ஸுக்கு "ஸ்ஸ்" தெரியாது. நெத்தியில் ஸ்டிக்கரும் இல்லை. வகுப்புக்கு வெளியே நிறுத்துவாங்க. அவன் மணிக்கட்டைக் கடிச்சுக்கிட்டு நிப்பான். முன்னாடி "தண்ணி," "லாரி," "வேண்டா"ன்னு ஒண்ணு ரெண்டு வரும், அதுவும் நின்னுபோச்சு.

ஒரு நாள் அவனுக்குக் காதில் சீழ் வெச்சுக் காய்ச்சல். வீட்டில் யாரும் கவனிக்கலை, வழக்கம்போல வேனில் ஏத்தி விட்டாச்சு. ஸ்கூலில் நாள் பூரா காதைப் பிடிச்சுக்கிட்டு அழுதிருக்கான். என்னடா வலிக்குதுன்னு மிஸ் கேட்டிருக்காங்க, அதை இல்லைன்னு சொல்ல முடியாது. அவன் "தர்ஷித், தர்ஷித்"னு சொல்லியிருக்கான். சாயங்காலம் வேன் வரும்போது மிஸ் அம்மாகிட்ட என்ன சொன்னாங்க தெரியுங்களா? "பேரை மட்டும் எவ்வளவு அழகாச் சொல்றான். மத்ததைச் சொல்றதுக்குத்தான் வாய் வரலை." அப்படி ஒரு மிஸ். ஒரு பிள்ளை என்ன சொல்லுதுன்னு புரிஞ்சுக்கத் தெரியாதவங்களை எல்லாம் யார்தான் வேலைக்கு எடுக்கறாங்களோ.

அன்னைக்குத்தான் அம்மா வாயைத் திறந்தாங்க. "நான் மறுபடி டாக்டரம்மாகிட்டப் போறேன். ஆரு வந்தாலும் வராட்டியும்."

மாமா யோசிச்சார். அவருக்கு யோசிக்க ஒரு டீ போதும். "சரிக்கா. ஒரு வகையில அதுவும் நல்லதுதான். ஆட்டிசம்னு சர்டிஃபிகேட் கெடச்சா பின்னால பத்தாவதில எக்ஸ்ட்ரா டைம் உண்டு, பாடத்தில சலுகை உண்டு. ஆனா ஒண்ணு. போன தடவை மாதிரி நடுவுல நிக்கக் கூடாது. இந்தத் தடவை சுத்தமா ஃபெயில் ஆவோணும்."

ஃபெயில் ஆகறதுக்கு டியூஷன். நான் பிளஸ் ஒன்னில் ரெண்டு பாடம் ஃபெயில், ஒரு டியூஷனும் இல்லாமல் தன்னாலேயே ஆனேன். இவர் அதுக்கும் டைம்டேபிள் போட்டார். கண்ணைப் பார்க்கக் கூடாது. பொம்மையைத் தூக்கி எறியணும். பேரே சொல்லக் கூடாது. வேலை யாருக்கு? சும்மா கிடக்கிறவளுக்கு.

சொல்லிக் குடுத்ததை எடுக்கறது சொல்லிக் குடுக்கறதைவிடக் கஷ்டம்கக்கா. பொம்மையைக் கண்டாலே அவன் கரண்டியைத் தேடறான். நான் பிடுங்கினா வேற பொம்மையைத் தேடிப் போறான். நான் ஒண்ணு சொல்லிக் குடுத்தா அது அவ்வளவு அழுத்தமா நிக்கும். பிளஸ் டூ முடிச்சிருந்தா நல்ல டீச்சரா வந்திருப்பேன், எல்லாரும் சொல்வாங்க. அப்பா சொல்வார்.

மன இறுக்கம்னு தமிழில் சொல்றாங்க இந்த ஆட்டிசத்துக்கு. எங்க வீட்டில் மனசு இறுக்கமில்லாமல் இருக்கிற ஒரே ஆள் அவன்தான்.

இன்னைக்குக் காலையில் உள்ளே போனோம். மாமாவை டாக்டரம்மா வாசலிலேயே நிறுத்திட்டாங்க. "சார், நீங்க டீ குடிச்சுட்டு இருங்க. அப்பா அம்மா அக்கா போதும்." அவங்க நெத்தியில் பொட்டே இல்லை. துடைச்சுட்டு வந்திருக்காங்க. அம்மா அதைப் பார்த்துத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

"போன தடவையே தெரியும்மா," ன்னாங்க டாக்டரம்மா. "அவன் என்னைப் பார்க்கலை, கல்லைப் பார்த்தான். உங்களைத் தப்பாச் சொல்லலை. இங்கே வர்றவங்க நிறையப் பேர் பிள்ளைக்கு நல்ல பேர் வாங்கிக் குடுக்கத்தான் வர்றாங்க."

அப்புறம் அப்பாகிட்ட அதே கேள்வி. எப்போ நடந்தான்?

மாமா இந்தத் தடவை எல்லாத்தையும் பின்னாடி தள்ளிச் சொல்லச் சொல்லியிருந்தார். அப்பா மேலே பார்த்தார், தொண்டையைக் கனைச்சார். அப்புறம் கையை மடியில் வெச்சுக்கிட்டு மெதுவாச் சொன்னார்.

"அது எனக்குத் தெரியாதுங்க. நான் பட்டறையில இருந்தனுங்க. போன தடவை சொன்னது பூராவும் சொல்லிக் குடுத்ததுங்க. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதானுங்க. அவன் என்னைய அப்பான்னு இதுவரைக்கும் கூப்பிட்டதில்லீங்க. அவனுக்கு நான் ஆருன்னு தெரியுமான்னே எனக்குத் தெரியலீங்க. அதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. மத்தபடி நீங்க என்ன பேரு வெச்சாலும் செரிங்க."

அம்மா புடவையை வாயில் வெச்சுக்கிட்டாங்க. எனக்கு எரிச்சலா வந்தது. எவ்வளவு சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தோம். யாரும் சொல்லித் தராததை எல்லாம் எதுக்குப் போய்ப் பேசறார்?

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் நின்ன தர்ஷித்தைக் கூப்பிட்டாங்க. திரும்பலை. மறுபடி கூப்பிட்டாங்க. திரும்பலை. எங்களுக்கு வேண்டியதும் அதுதானே, நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணும். ஆனா அவனைக் கூப்பிட்டு அவன் திரும்பாமல் நிக்கும்போது என்னமோ போல இருக்கும்கக்கா. என்னை அறியாமல் நாக்கு நுனியில் "ஸ்ஸ்"னு வந்துடுச்சு. அவன் டக்குனு திரும்பிட்டான்.

டாக்டரம்மாவும் திரும்பினாங்க. என்னைத்தான் பார்த்தாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன்.

"உன் பேர் என்னம்மா?"

"மேகலா."

"மேகலா, இவ்வளவு பழக்கியிருக்கியே, உனக்குப் பொறுமை ஜாஸ்தி. ஒண்ணு கேட்கறேன். நீ எதுவுமே சொல்லித் தராத நேரத்தில், அவனா உன்கிட்ட வந்து என்ன பண்ணுவான்?"

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். எதைக் கேட்டாலும் வாயில் பதிலோட நிக்கிறவள் நான்.

"அவசரமில்லை. வெளியே போய் உட்கார்ந்து யோசிச்சுட்டு வா. நீ இல்லாமல் அவன் எப்படி இருக்கான்னு நானும் கொஞ்சம் பார்க்கறேன்."

அதுக்குத்தான் வெளியே அனுப்பினாங்க. காத்து வாங்கறதுக்கு இல்லை. யோசிக்கச் சொன்னா நான் உட்கார்ந்து உங்ககிட்டப் பேசிட்டிருக்கேன்.

என்னத்தை யோசிக்கறதுங்கக்கா? பார்க்கிறது நான் சொல்லித் தந்தது. திரும்பறது நான் சொல்லித் தந்தது. ஊட்டறது, பேர் சொல்றது, எல்லாமே நான் சொல்லித் தந்தது. அவனா ஒண்ணும் பண்ண மாட்டான். அவன்பாட்டுக்கு இருப்பான்.

மத்தியானத்தில் நான் ஒருக்களிச்சுத் தரையில் படுத்து செல் பார்த்துட்டிருப்பேன். அப்போ எங்கிருந்தோ வருவான். வந்து எனக்குப் பின்னாடி படுத்து, அவன் முதுகை என் முதுகோட ஒட்ட வெச்சுக்குவான். முகம் அந்தப் பக்கம்தான். நான் நகர்ந்தா அவனும் நகர்ந்து வந்து ஒட்டிக்குவான். பேச மாட்டான், கையைக்கூடப் போட மாட்டான். சும்மா முதுகு. காதில் சீழ் வெச்ச அன்னைக்குக் காலையில்கூட, வேன் வர்றதுக்கு முன்னாடி, யூனிஃபார்மோட வந்து அப்படிப் படுத்தான். முதுகு கொதிச்சது. போடா புழுங்குதுன்னு நான்தான் எந்திரிச்சுப் போயிட்டேன். மறுபடி பின்னாலயே வந்தான். நான் கதவைச்...

இருங்க. கதவு திறக்கறாங்க. எங்கம்மாதான்.

இல்லை, முடியலையாம். என்னைத்தான் கூப்பிடறாங்க.

இதோ வர்றேம்மா.

அக்கா, சீக்கிரம் சொல்லுங்க. இந்த முதுகு விஷயத்தைச் சொல்லட்டுமா? இதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரலை.